ஒரு சேர் மட்டும் பாக்கி

ராசிபுரம்,
ஆவணி, ஞாயிற்றுக்கிழமை.

பெருமதிப்புக்குரிய மச்சான் இளம்பிள்ளை தீனதயாளன் அவர்கள் சமூகத்துக்கு, சேலைக்கடை சென்னிமலை பணிவோடு எழுதிக்கொள்வது. இவ்விடம் அனைவரும் சௌக்கியம் என்று கை பழக்கத்தில் ஆரம்பித்து, அடித்துவிட்டேன். அடித்த கோடு உங்களுக்கே தெரியும். துக்க வீட்டுக்கு எழுதும்போது நம் சௌக்கியத்தைப் பீற்றிக்கொள்ளக் கூடாது என்று கோகிலவாணி பின்னால் நின்று சொன்னாள். அப்படியானால் அசௌக்கியம் என்று எழுதட்டுமா என்று கேட்டேன். "அதை எழுத வேற வேணுமாக்கும். மூஞ்சியப் பாத்தாலே தெரியுது" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். ஆகவே நலம் விசாரிப்பைத் தாண்டி நேராக விஷயத்துக்கு வருகிறேன். நான் ஒரு விஷயத்துக்கு நேராக வருவது இதுவே முதல் தடவை என்பதால் நடுவில் கொஞ்சம் சுற்றினாலும் பொறுத்துக்கொள்ளவும்.

உங்கள் சம்சாரமும் என் சித்தப்பா மகளுமான மஞ்சுளா மாசியில் போனாள். இப்போது ஆவணி. கூடப்பிறந்த அண்ணன் தம்பி இல்லாத அவளுக்கு அண்ணன் என்று இருந்தவன் நான் ஒருத்தன். அந்த ஒருத்தன் சாவுக்கும் வரவில்லை, இன்றுவரை துக்கம் கேட்கவும் வரவில்லை. துக்கம் கேட்காதவன் அந்த வீட்டு நல்ல காரியத்தில் கால் வைக்கக் கூடாது என்பது நம் பக்கத்துச் சட்டம். ஐப்பசியில் ஷாலினிக்குக் கல்யாணம் வைத்திருக்கிறீர்கள். முதல் பத்திரிகை தாய்மாமனுக்கு வைக்க வேண்டும், அந்தத் தாய்மாமன் நான், எனக்கு வைக்க முடியாமல் உங்கள் வீட்டில் பத்திரிகைக் கட்டு பிரிக்காமலே கிடக்கிறது என்று கேள்விப்பட்டேன். அந்தப் பிள்ளையின் மணவறைப் பக்கத்தில் எனக்கு இடம் உண்டா இல்லையா என்று நினைத்தால் சோறு இறங்கமாட்டேன் என்கிறது. இறங்குகிறது, பொய் சொல்லக் கூடாது, ருசி தெரியவில்லை.

நான் ஏன் சாவுக்கு வரவில்லை என்பதைப் பற்றி இங்கே பல கதைகள் ஓடுகின்றன. பங்காளி கண்ணுசாமி சொல்லும் கதையில் எனக்குக் கரூர்ப் பக்கம் ஒரு பெண் தொடுப்பு இருக்கிறது. கேட்டபோது அந்தத் துக்கத்திலும் ஒரு நிமிஷம் பெருமையாகத்தான் இருந்தது. உண்மை அதைவிடக் கேவலம். போன பொங்கலுக்கு உங்கள் வீட்டுக்கு நான் மாட்டுப் பொங்கலும் முடிந்து வந்து சேர்ந்தேனே, அப்போது மஞ்சுளா, "ஏனுங்கண்ணா, என் எழவுக்காச்சும் நேரத்துக்கு வருவீங்களா, இல்ல அதுவும் நாளைக்குத்தானா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தோம். உங்களுக்கு வெற்றிலை புரையேறியது. எனக்கு மட்டும் பஸ்ஸில் திரும்பும்போது அது செருப்பில் விழுந்த கல் மாதிரி உறுத்தியது. அந்த உறுத்தலில்தான் ஏற்காட்டில் நடந்த ஒரு முகாமுக்குப் பேர் கொடுத்தேன். வேலைகளைத் தள்ளிப்போடும் வியாதியை இரண்டே நாளில் அடியோடு தீர்த்துத் தருவதாக நோட்டீஸில் போட்டிருந்தது. நடத்தியவர் வீரபாகு என்று ஒருவர். முன்னே திருச்செங்கோட்டில் போர் போடும் ரிக் வண்டிக்கு உதிரி பாகம் விற்றவராம், இப்போது மனசுக்கு விற்கிறார். போனதும் எல்லோருடைய போனையும் வாங்கி அணைத்து ஒரு எவர்சில்வர் அண்டாவில் போட்டு மூடி, மேலே ஒரு அம்மிக்கல்லைத் தூக்கி வைத்தார். அந்த அம்மிக்கல் இருந்த நேரத்தில்தான் மஞ்சுளா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நீங்கள் எனக்குப் போன் போட்டுப் போட்டுப் பார்த்திருக்கிறீர்கள். நான் அங்கே கூட்டத்தோடு கூட்டமாகக் கையைத் தூக்கி, "நாளை என்பதே இல்லை, நாளை என்பதே இல்லை" என்று தொண்டை கட்டக் கத்திக்கொண்டிருந்தேன்.

அதோடு போயிற்றா என்றால் இல்லை. கடைச் சாவி என் பையோடு ஏற்காட்டில் இருந்தது. பிறந்த வீட்டுக் கோடிச் சேலை போடாமல் பெண்ணை எடுக்க முடியாது என்று கோகிலவாணி ஓடிப் போய் எங்கள் கடைக்கு எதிர்க்கடையில் சேலை எடுத்து வந்திருக்கிறாள். வாழ்நாளெல்லாம் சேலை விற்றவன் தங்கச்சிக்குக் கடைசிச் சேலை எதிர்க்கடையில் வாங்கியது. அந்தக் கடைக்காரர் இன்றைக்கும் என்னைப் பார்த்தால் வியாபாரம் எப்படி என்று கேட்பதில்லை, தலையை மட்டும் ஆட்டுகிறார். நல்ல மனுஷர். கடை விளங்காமல் போகட்டும்.

மலையிலிருந்து இறங்கிய அன்றே ஓடி வந்திருக்க வேண்டும். அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, துக்கம் கேட்க ஆகாது. அடுத்தடுத்த நாள் எந்த முகத்தோடு போவது என்று யோசித்ததில் வெள்ளி வந்துவிட்டது. கருமாதிக்கு வரலாம் என்றால் சொந்தமெல்லாம் சுற்றி நின்று பார்க்குமே, கூட்டம் கலையட்டும் என்று விட்டேன். கலைந்தது. அதற்குள் எங்கள் ஊர் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டார்கள். அது முடிந்தால் எதிர்வீட்டுப் பெண்ணுக்கு வளைகாப்பு. எதிர்வீட்டு வளைகாப்புக்கும் நீங்கள் துக்கத்துக்குப் போவதுக்கும் என்ன சம்பந்தம் என்று கோகிலவாணி கேட்டாள். ஒரே தெருதானே என்றேன். அவள், "செவ்வாயும் வெள்ளியும் துக்கத்துக்கு ஆகாதுங்க. சனிக்கெழமை ஆகவே ஆகாது. மிச்ச நாளெல்லாம் உங்களுக்கு ஆகாது. பேசாம அந்த வீரபாகுகிட்டயே ஒரு நாள் குறிச்சு வாங்கிட்டு வாங்க" என்றாள்.

ஒரு தடவை வந்தேன் மச்சான், சத்தியமாக வந்தேன். சேலம் வரைக்கும் வந்து, இளம்பிள்ளை பஸ்ஸில் ஏறப்போனால், அதே பஸ்ஸிலிருந்து கையில் மஞ்சள் பையோடு நீங்கள் இறங்குகிறீர்கள். வீட்டுக்கு வந்து துக்கம் கேட்காமல் முதல் முதலாக பஸ் ஸ்டாண்டில் வைத்து "என்ன மச்சான், எங்க இந்தப் பக்கம்" என்றா கேட்பது. கரும்பு ஜூஸ் வண்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டேன். ஜூஸ்காரர், "அண்ணா, ஜூஸ் வேணும்னா முன்னால வாங்க, ஒதுங்கறதுன்னா அந்தப் பக்கம் போங்க" என்று சேலத்துக்கே கேட்கிற மாதிரி சொன்னார். நீங்கள் என்னைப் பார்த்தீர்களா என்று இன்றுவரை தெரியாது. பார்த்தும் பாராத மாதிரி போயிருந்தால் உங்கள் பெருந்தன்மைக்கு நன்றி. பார்க்கவில்லை என்றால் இந்த வரிகளைப் படிக்காமல் விட்டுவிடவும்.

இதற்கு நடுவில் ஒரு கூத்து. வீரபாகுவின் வாட்ஸ்அப் குழுவில் நான்தான் இப்போது நட்சத்திரம். முன்பெல்லாம் எனக்கு விடியால எழுந்திருப்பது என்றால் உயிர் போகும். இப்போது கோழி என்னைப் பார்த்து எழுந்திருக்கிறது. பல வருஷமாகச் சொட்டிக்கொண்டிருந்த குழாயை மாற்றினேன். பரணில் இருந்த எலிக் குடும்பத்தைக் காலி செய்தேன். ஆதாரில் என் அப்பா பெயர் தப்பாக இருந்ததைத் தாலுகா ஆபீஸில் வரிசையில் நின்று திருத்தினேன், செத்துப்போன மனுஷனுக்கு அது பெரிய உபகாரம். எந்த வேலையாக இருந்தாலும் உடனே எடுத்தேன், உடனே முடித்தேன். ஏனென்றால் ஒவ்வொன்றும் இளம்பிள்ளைக்குப் போகாமல் இருக்க எனக்குக் கிடைத்த சாக்கு. இது தெரியாமல் வீரபாகு என்னை நாமக்கல்லில் ஒரு கல்யாண மண்டபத்தில் மேடையேற்றிச் சால்வை போட்டு, "தள்ளிப்போடும் பேயை விரட்டிய நம்ம சென்னிமலை சார் ரெண்டு வார்த்த பேசுவார்" என்று மைக்கைக் கையில் கொடுத்துவிட்டார். நான் மைக்கைப் பிடித்தபடி நின்றேன். ஒரு வார்த்தையும் வரவில்லை. அடக்கம் என்று நினைத்து ஜனங்கள் கை தட்டினார்கள். சால்வை நல்ல சால்வை, எதிர்க்கடையில் எடுத்தது.

போன வாரம் ஷாலினி போன் பண்ணினாள். எடுத்ததும், "மாமா, துக்கம் கேக்காதவங்ககிட்டப் பேசக்கூடாதுன்னு அத்தைங்க சொல்றாங்க. அதனால நான் மட்டும் பேசறேன், நீங்க பேசாதீங்க" என்றாள். மஞ்சுளாவுக்கு அச்சாகப் பிறந்திருக்கிறது. அப்புறம் சொன்னாள்: "சாவுக்கு எடுத்த வாடகைச் சேரையெல்லாம் அப்பவே கடைக்காரரு எடுத்துட்டுப் போயிட்டாருங்க மாமா. ஒண்ண மட்டும் அப்பா குடுக்க மாட்டேங்கறாரு. நீலச் சேரு. சென்னிமலை இன்னும் வரலியே, வந்தா எதுல உக்காருவாப்லங்கறாரு. ஊட்லதான் சோபா இருக்குதுங்களேப்பான்னேன். துக்கத்துக்கு வாரவங்க சோபால உக்கார மாட்டாங்க சாமின்னுட்டாரு. வெடியால எடுத்து வாசல்ல போடறாரு, பொழுது சாஞ்சா உள்ள எடுத்து வெக்கறாரு. வாடகைக்காரரு வந்து வந்து பாத்துட்டு இப்ப அவரே அதுல கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போறாரு. நீங்க வருவீங்களா மாட்டீங்களா மாமா?" பேசக்கூடாது என்று சொல்லியிருந்ததால் நான் பேசவில்லை. அவள் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு வைத்துவிட்டாள்.

மச்சான், நான் சோம்பேறி என்றுதான் இத்தனை நாளும் நானும் நினைத்தேன். குழாய் மாற்றியபோதுதான் அது இல்லை என்று தெரிந்தது. அந்த நீலச் சேரில் வந்து உட்கார்ந்தால் மஞ்சுளா செத்தது நிஜமாகிவிடும். ராசிபுரத்தில் அவள் இன்னும் சாகவில்லைங்க. இங்கே இருக்கிற வரைக்கும் அவள் இளம்பிள்ளையில் இருக்கிறாள், நான் போகவில்லை என்று என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறாள், அவ்வளவுதான். போனால்தான் இருக்கமாட்டாள்.

ஆகையால் உங்கள் காலைப் பிடித்துக் கேட்டுக்கொள்வது: இந்தக் கடிதத்தையே நான் நேரில் வந்து துக்கம் கேட்டதாகப் பாவித்து, சேரைக் கடைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, ஷாலினியின் கல்யாணத்துக்கு எனக்கும் ஒரு பத்திரிகையைத் தபாலில் தட்டிவிடவும். நேரில் வருவது இப்போதைக்குத் தோதுப்படாது. இந்த வாரம் மூன்று நாள் ஆகாது, மீதியில் சரக்கு வருகிறது. இன்னொன்றும் உண்டு. துக்க வீட்டில் எழுந்து கிளம்பும்போது "வாரேன்" என்று சொல்லக் கூடாது, பேசாமல் படி இறங்க வேண்டும் என்பார்கள். என் வாயில் ஆயுசுக்கும் வந்த ஒரே பேச்சு "நாளைக்கு வாரேன்" என்பதுதான். வந்த இடத்தில் அதையும் உளறிவைத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

ஷாலினிக்கு என் ஆசீர்வாதம். ஆசீர்வதிக்க எனக்கு யோக்கியதை இருக்கிறது என்று நீங்கள் முடிவு செய்த பிறகு அவளிடம் சேர்க்கவும். அதுவரை உங்களிடமே இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மச்சான் என்று சொல்லிக்கொள்ளக் கூசும்,
சென்னிமலை.

பின்குறிப்பு: இளம்பிள்ளை, தங்கள் வீடு. வியாழக்கிழமை.

மேலே எழுதியதில் எதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை எழுதிய கடிதத்தைத் திங்களன்று தபாலில் போடலாம் என்று பையில் வைத்தேன். தபாலாபீஸ் எங்கள் கடைக்கு நேர் எதிர்ச்சாரி. நாளைக்குப் போடலாம், நாளைக்குப் போடலாம் என்று இன்று சேலம் வந்தபோதும் அது பையிலேயே இருந்தது. இளம்பிள்ளை பஸ் பக்கத்தில் நின்றது. தபாலாபீஸ் தேடிப் போகிற வேலை மிச்சமாகுமே, கையிலேயே கொடுத்துவிட்டு ஓடிவிடலாம் என்று ஏறிவிட்டேன். வந்து பார்த்தால் வாசலில் நீலச் சேரைக் காணோம். உங்களையும் காணோம். ஷாலினிதான் சொன்னாள்: "அப்பா வெடியாலயே அந்தச் சேரைத் தூக்கிக்கிட்டு ராசிபுரத்துக்கு பஸ் ஏறிட்டாருங்க மாமா. எதுக்குங்கப்பான்னு கேட்டேன். சென்னிமலைக்கும்தான தங்கச்சி போயிருக்குது சாமி, அவருகிட்ட யாரும் போய்த் துக்கம் கேக்கலியே, நான் கேட்டுட்டு வந்தர்றேன்னாரு."

அவள் சொல்லி முடிக்கும் முன்னே கோகிலவாணி போன் பண்ணினாள். "ஏனுங்க, எளம்பிள்ளை அண்ணன் நம்ம கடை வாசல்ல ஒரு நீலச் சேரைப் போட்டு உக்காந்திருக்கறாரு. உள்ள கூப்பிட்டா வரமாட்டேங்கறாரு. நீங்க எங்க போய்த் தொலைஞ்சீங்க?" என்றாள். இளம்பிள்ளை என்றேன்.

நான் வரும்வரை உங்களை எழுந்திருக்க விடாதே என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். சேர் இல்லாததால் மஞ்சுளா படத்துக்குக் கீழே தரையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஷாலினியின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அழுதோம். அவள் பிரிக்காத பத்திரிகைக் கட்டைப் பார்த்தாள், நானும் பார்த்தேன், அப்பா வரட்டும் என்றாள். இந்தக் கடிதத்தைப் படத்துக்குப் பின்னால் செருகிவிட்டு உங்களிடம் கிளம்புகிறேன். நீங்கள் வீடு திரும்பி இதைப் படிக்கும்போது நாம் பார்த்திருப்போம், கடிதத்துக்கு வேலை இருக்காது. அந்த "வாரேன்" பேச்சு இப்போதே நுனி நாக்கில் வந்து நிற்கிறது. சொல்லமாட்டேன். பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிடுவேன் மச்சான்.