ஆண்டிமடம் ஜெயித்தே ஆக வேண்டும்

“சார், ஆண்டிமடமும் உடையார்பாளையமும் சமப் புள்ளிங்க. ஃபைனலுக்கு எதை அனுப்புறது?” என்று கேட்டார் கணக்கு டீச்சர் சுகன்யா மேரி.

போட்டியை நடத்துபவரும் ஆண்டிமடம் அணிக்கு ஆள் பொறுக்கியவருமான பி.டி. மாஸ்டர் பெனடிக்ட்டுக்குச் சந்தேகமே இல்லை. ஆண்டிமடம்தான். முந்திரி வியாபாரி இளவரசன் ஆண்டிமடத்துக்காரர். “எம் பையன் ஃபைனல் ஆடட்டும் சார், மறுவாரமே உங்க கிரவுண்டுக்குக் காம்பவுண்டு சுவர் எழும்பும்” என்று வாக்குக் கொடுத்திருந்தார். சுவர் இல்லாத அந்த மைதானத்தில் பிள்ளைகளைவிட ஆடுகள்தான் அதிகம் ஓடின. பையன் யாரென்று பெனடிக்ட் கேட்கவில்லை. பெரிய மனிதரிடம் அதையெல்லாம் கேட்பார்களா?

ஆனால் போட்டியின் பெயர் ‘அகில உலக இளையோர் கால்பந்து’. காரைக்கால் அணி வந்திருந்ததால் அகில உலகம். பிரெஞ்சுக்காரன் ஆண்ட ஊராயிற்றே! ஆகவே அக்கிரமம் செய்வதானாலும் உலக விதிப்படிதான் செய்தாக வேண்டும்.

“கோல் வித்தியாசம் பாருங்க டீச்சர்.”

“உடையார்பாளையம் முன்னாடி நிக்குதுங்க.”

“அது பெரியவங்களுக்கு. நேருக்கு நேர் மோதுனதுல யாரு ஜெயிச்சா?”

“உடையார்பாளையம்.”

“அன்னிக்கு மழை, செல்லாது. ஒழுக்கத்தப் பாருங்க! மஞ்சள் அட்டை கம்மியா வாங்குனது யாரு?”

“உடையார்பாளையம் ஒண்ணுகூட வாங்கலைங்க. ஆண்டிமடம் கோல் கீப்பரு மட்டுமே ரெண்டு வாங்கி வெளிய போயிட்டான்.”

உலகமே உடையார்பாளையத்தின் பக்கம் நின்றது. மிச்சமிருந்தது ஒரே விதி, சீட்டுக் குலுக்கல். பெனடிக்ட் தன் கையாலேயே இரண்டு சீட்டு எழுதினார். இரண்டிலும் ஆண்டிமடம். விவரம் தெரியாத ரெஃப்ரி அமிர்தசாமி பயபக்தியோடு சிலுவை போட்டுக்கொண்டு ஒன்றை எடுத்தார்.

மைக்கில் முடிவைச் சொன்னதும் உடையார்பாளையத்துப் பையன்கள் தரையில் உட்கார்ந்து அழுதார்கள். பெனடிக்ட்டுக்கு மனசு உறுத்தத்தான் செய்தது. சுவரை நினைத்துச் சமாளித்துக்கொண்டார்.

இளவரசன் மனைவியோடு விறுவிறுவென்று காருக்கு நடந்துகொண்டிருந்தார். பெனடிக்ட் பின்னாலேயே ஓடினார்.

“சார், நம்ம டீம் ஃபைனலுக்கு வந்துடுச்சு! சுவர் வேலைய எப்பங்க ஆரம்பிக்கலாம்?”

இளவரசன் திரும்பிக்கூடப் பார்க்காமல் காரில் ஏறிக் கதவைச் சாத்தினார். அவர் மனைவிதான் நின்று பதில் சொன்னார்.

“அந்தா தரையில உக்காந்து அழுவுறான் பாருங்க, அவந்தான் சார் எங்க பையன், ஆண்டிமடம் டீமுக்கு லாயக்கில்லன்னு நீங்க வெரட்டி வுட்டதாலதான் உடையார்பாளையத்துக்கு ஆடுனான்!”