தேன்மொழி பொருந்தவில்லை

"ஆள் பொருந்தவில்லை" என்று முகம் பார்க்கும் மெஷினின் திரை நான்காவது முறையாகச் சிவந்தது. கீழே பொடி எழுத்தில்: சந்தேகம், நாற்பது விழுக்காடு.

தேன்மொழி மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டாள். சுங்கை பினாங்கில் அரசாங்க அடுக்குமாடி வீடு கிடைக்கவேண்டும் என்று தண்ணீர்மலை முருகனிடம் வேண்டிக்கொண்டு, தைப்பூசத்தன்று இறக்கிய முடி. முருகன் ஒரே வாரத்தில் வீட்டைக் கொடுத்துவிட்டார். மெஷின் விவரம் அவருக்குத் தெரியவில்லை. இன்று ஐந்து மணிக்குள் முகம் காட்டி உறுதி செய்யாவிட்டால் வீடு அடுத்த ஆளுக்கு.

"ஐசி படத்துல முடி இருக்குலா அக்கா," என்றாள் வீட்டுவசதி அலுவலகக் கவுண்டரில் இருந்த ஷாஹிரா, அடையாள அட்டையைக் காட்டி. "முடியோட வாங்களேன்."

"மூணு மணி நேரத்துல எப்படிம்மா வளரும்?"

லிட்டில் இந்தியாவுக்கு ஓடினாள். நடன உடை வாடகைக்கு விடும் கடையில் ஒரே ஒரு விக் இருந்தது. ஜடை இடுப்புவரை, நுனியில் குஞ்சம்.

மாட்டிக்கொண்டு திரும்பி வந்து நின்றாள். "மாறுவேடம். சந்தேகம், எழுபது," என்றது திரை.

"ஐயோ, கழட்டுங்க!"

கழற்றினாள். எண்பத்தைந்து.

"ஏம்மா, ஐசியப் பாரு, என்னைப் பாரு. நான்தானே?"

"நீங்கதான். எனக்கே தெரியுது."

"அப்ப முத்திரைய எடுத்து சாப்பு அடி."

"நான் பாத்தா செல்லாதுக்கா. நான் மனுசிதானே."

"மனுசங்கதான் பாக்கணும்னு கேக்க எனக்கு உரிமை இருக்கா இல்லையா?"

"கண்டிப்பா இருக்கு. முதல் மாடியில மேல்முறையீடு. கதவு முகத்தைப் பாத்துத்தான் திறக்கும்."

கதவு திறக்கவில்லை. அலாரம்தான் அடித்தது. தொண்ணூற்றெட்டு.

மணி நாலரை. ஷாஹிராவுக்கே பாவமாகிவிட்டது. "திரும்பத் திரும்ப நில்லுங்கக்கா. பாக்கப் பாக்க அது கத்துக்குமாம்."

நின்றாள். சிரித்தாள், முறைத்தாள், முருகா என்றாள்.

"கல்யாண ஃபோட்டோவா எடுக்குறீங்க?" என்று வரிசையில் யாரோ கத்தினார்.

ஐந்துக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது, அறுபத்து மூன்றாம் தடவையாகத் திரை பச்சையானது. தேன்மொழி. சந்தேகம், பூஜ்யம்.

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. "சீக்கிரம்மா, பதிவு பண்ணு!"

அலுவலரும் முகம் காட்டினால்தான் வீடு பதிவாகும். ஷாஹிரா மெஷின் முன் குனிந்தாள்.

ஆள் பொருந்தவில்லை.

கண்ணாடியைக் கழற்றிக் காட்டினாள். மாறுவேடம். எழுபது.

ஷாஹிரா மெல்லத் திரும்பினாள்.

"அக்கா, நான் ஷாஹிராதான்னு அதுகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்களேன். இப்ப அது உங்கள மட்டும்தான் நம்புது."