தோல்வி வேண்டி ஓர் ஆட்டம்

குழியைவிட்டு விலகிப் போகவேண்டிய சிவப்புப் பந்து, மேஜையின் மூன்று ஓரங்களை முட்டிவிட்டு, மாமியார் வீட்டுக்குப் போகும் புது மாப்பிள்ளை மாதிரி எதிர்மூலைக் குழிக்குள் ஜம்மென்று போய் விழுந்தது.

"அபாரம்!" என்று கை தட்டினார் கிளப் முதலாளி.

முதல்ரவுண்டுக்கு முகம் செத்துவிட்டது.

ஸ்னூக்கர் உலகம் அவருக்கு வைத்த பெயர் அதுதான். தொழில்முறை ஆட்டக்காரர். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவார், முதல் ரவுண்டில் தோற்பார், சாயங்கால பஸ்ஸில் திரும்பிவிடுவார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவரையும் சேர்த்தே மனைவி உலை வைப்பாள். இதுவரை சோறு வீணானதில்லை.

இந்தப் புதுக் கிளப்பில் கோச் வேலை காலி. மாதச் சம்பளம், ஆடிப் பழக மேஜையும் சும்மா. கிடைக்காவிட்டால் மாமனாரின் பாத்திரக் கடையில் உட்காரவேண்டும் என்று வீட்டில் தீர்ப்பாகியிருந்தது. "எதுக்கும் என்கூட ஒரு கேம் ஆடுங்களேன்" என்று முதலாளி கூப்பிட்டதும், கூட வந்த மைத்துனன் காதைக் கடித்தான்.

"மாமா, பெரிய மனுஷனைத் தோக்கடிச்சுட்டு அவர்கிட்டயே வேலை கேட்டா நல்லாவா இருக்கும்? விட்டுக் குடுத்துடுங்க. உங்களுக்கா சொல்லித்தரணும்?"

"தோக்கத்தானேடா? கண்ணை மூடிக்கிட்டுத் தோப்பேன்."

கூப்பிடாதபோதெல்லாம் வந்த தோல்வி, இன்று கூப்பிட்டும் வரவில்லை.

அடுத்த முறை ஒரு பந்தைக் குழியின் உதட்டிலேயே கொண்டுபோய் நிறுத்தினார். தும்மினால் விழும். முதலாளி அதை விட்டுவிட்டு வெள்ளைப் பந்தைக் குழியில் தள்ளினார். அது தப்பாட்டம்.

"எதிராளிக்கு நாலு" என்றார், புள்ளி சொல்லும் மார்க்கர்.

"மாமா, ஏறிக்கிட்டே போறீங்க!"

"நான் எங்கடா ஏறினேன்? அவர் ஏத்துறாரு!"

வேண்டுமென்றே தோற்பது தெரிந்துவிட்டால் அது இன்னும் பெரிய அவமரியாதை. அதனால் சுளுக்கு என்று சொல்லி இடது கைக்கு மாறினார். பந்து உள்ளே போனது. கறுப்புக்குக் குறிவைத்து நீலத்தை இடித்தார்; முதலாளிக்குப் புள்ளி ஏறியது. மூச்சு விடுவதற்குள் முதலாளியும் எதையோ இடித்து, வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"என்ன சார், இன்னிக்குக் கையே ஓடலை எனக்கு" என்றார் முதலாளி, கன்னத்தில் வழிந்த வியர்வையைத் துடைத்துக்கொண்டு.

"சேச்சே, பிரமாதமா ஆடுறீங்க!"

"நீங்கதான் பிரமாதம்!"

"ஐயோ, நீங்க!"

இந்த உபசாரத்தின் நடுவே முதல்ரவுண்டு தவறவிட நினைத்த இளஞ்சிவப்புப் பந்தும் விழுந்து தொலைத்தது. மேஜையில் மிச்சம் கறுப்பு ஒன்றுதான். அதன் விலை ஏழு புள்ளி. அவர் ஐந்து புள்ளி முன்னால் இருந்தார். அடுத்த அடியும் அவருடையதே.

"போச்சு மாமா. பாத்திரக் கடைதான்."

"வாயை மூடு."

பல்லைக் கடித்தார். இத்தனை வருஷத் தொழிலில் படித்த வித்தை முழுவதையும் கியூ குச்சியின் நுனிக்குக் கொண்டுவந்தார். கறுப்பில் தப்பாட்டம் ஆடினால் அந்த ஏழும் எதிராளிக்கு; ஆட்டமும் அதோடு முடிந்துவிடும். வெள்ளைப் பந்து கறுப்பை மெல்ல உரசியது, ஒரு சுற்றுச் சுற்றியது, நடுக் குழியின் வாசலில் நின்று யோசித்தது, பிறகு பெரிய மனது பண்ணி உள்ளே விழுந்தது.

"தப்பாட்டம். ஏழு. முதலாளி ரெண்டு புள்ளியில ஜெயிச்சுட்டார்."

மைத்துனன் மாமாவைத் தூக்காத குறை. முதலாளி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனந்த அதிர்ச்சியாக்கும் என்று முதல்ரவுண்டு நினைத்தார். உலகப் போட்டியில் வென்றவர் போல நிமிர்ந்து, மார்க்கரிடம் கேட்டார்: "எப்போ வேலைக்கு வரட்டும்?"

மார்க்கர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"முதலாளியை ஜெயிக்கிற ஆளுக்குத்தான் வேலைன்னு அவரோட கூட்டாளிங்க கறாரா சொல்லிட்டாங்க சார், உங்களை எப்படியாவது ஜெயிக்கவெச்சிடணும்னு மனுஷன் பந்து பந்தா தப்பா அடிச்சும், கடைசியில அவரையே ஜெயிக்கவெச்சுட்டீங்களே!"