பட்டு செக்ஷனில் ஒரு சர்வதேசம்

உலகத்துக் காதலர்கள் அத்தனை பேரின் துக்கத்தையும் ஒரே தொண்டையில் சுமந்த மனிதர் ஒருவர் திருச்சி மலைக்கோட்டைக் கடைவீதியில் இருந்தார். பகலில் பட்டுப்புடவை விற்பார். சாயங்காலமானால் போர்ச்சுகலுக்காக அழுவார். பதினேழு மொழிகளில் காதல் பாட்டுப் பாடுவார். அந்தப் பதினேழில் ஒன்றுகூட அவருக்குத் தெரியாது. கடையில் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் சர்வதேசம். வீட்டில் வைத்த பெயர் ஒன்றும் இருந்திருக்கும், ரேஷன் கார்டில் தேடினால் கிடைக்கும்.

நான் அப்போது அதே கடையில் வேட்டி செக்ஷனில் இருந்தேன். வேட்டி வாங்க வருகிறவர் நாலு நிமிஷத்தில் வாங்கிக்கொண்டு போய்விடுவார். மிச்ச நேரமெல்லாம் எதிரே இருக்கும் பட்டு செக்ஷனை வேடிக்கை பார்ப்பதுதான் என் உத்தியோகம். நான் சும்மா இருப்பது சர்வதேசத்தின் கண்ணில் பட்டுவிட்டது. ஒரு நாள் என் கையில் பிளாஸ்டிக் முட்டை ஒன்றைத் திணித்தார். உள்ளே மணல்.

"ஆட்டுங்க தம்பி. நீங்கதான் நம்ம குழுவுல தாளம்."

"எந்தக் குழுண்ணே?"

"ஐங்கண்டக் காதல் இசைக்குழு. இன்னிக்குத்தான் ஆரம்பிச்சேன்."

குழுவில் மூன்று பேர். பாட்டும் மற்ற எல்லா வாத்தியமும் அவர். முட்டை நான். கீபோர்டுக்கு ஓர் ஆட்டோ டிரைவர். அவருக்குக் கீபோர்டில் தெரிந்தது பட்டனை அமுக்கினால் தானாக ஓடும் தாளங்கள் மட்டும்தான். அதிலும் ஓட வைக்கத்தான் தெரியுமே தவிர நிறுத்தத் தெரியாது.

இசை பற்றி அவரிடம் ஒரு பெரிய தத்துவம் இருந்தது. "ஃப்யூஷன்னா என்னங்க? புடவைதான். பாடி ஒரு கலர், பார்டர் ஒரு கலர், முந்தி ஒரு கலர். பாடிக்குக் கல்யாணி ராகத்தைப் போடுங்க, பார்டருக்குக் கியூபாவைக் கட்டுங்க, முந்திக்குத் துருக்கியை விடுங்க. எடுப்பா இருக்குமா இருக்காதா?" என்பார். கேட்கிறவன் தலையாட்டிவிடுவான். கேட்டது பாட்டைப் பற்றியா புடவையைப் பற்றியா என்று வீட்டுக்குப் போன பிறகுதான் யோசிப்பான். இணையத்தில் அதே வேலையைக் கோட்டு சூட்டு போட்டுச் செய்கிறவர்களை மேதை என்கிறார்கள். இவர் அரைக்கைச் சட்டையில் செய்ததால் நாங்கள் பைத்தியம் என்றோம்.

ஆப்பிரிக்காவிலிருந்து ஜெம்பே என்று ஒரு மத்தளத்தை ஆன்லைனில் வரவழைத்தார். இடுப்புயரம் இருக்கும். அதைத் தூக்கிக்கொண்டு சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஸ்ரீரங்கத்துக்கு ஏறினோம். கண்டக்டர் வந்தார்.

"உரலுக்கு லக்கேஜ் போடணும்ங்க."

"உரல் இல்லைங்க. இது ஆப்பிரிக்காவுலேர்ந்து வந்தது."

"எங்கேர்ந்து வந்தா எனக்கென்னங்க? ஏறினது சத்திரத்துலதானே?"

சர்வதேசம் விடவில்லை. அது உரல் இல்லை, வாத்தியம்தான் என்பதை நிரூபிக்கக் காவிரிப் பாலத்தின் மேல் பஸ் போகும்போது ஒரு மாலி நாட்டுக் காதல் கீதத்தை வாசித்துக் காட்டினார். அம்மா மண்டபத்தில் இறங்க வேண்டிய இரண்டு பேர் பாலத்திலேயே இறங்கிக்கொண்டார்கள்.

அன்றைக்கு ஸ்ரீரங்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கத்தின் ஆண்டு விழா. செயலாளர் பளிச்சென்று திருமண் இட்டு, பஞ்சகச்சத்தில் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். நிகழ்ச்சி நிரலை வாங்கிப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"ஸ்வாமி, மைக்ல காதல் கீதல்னெல்லாம் சொல்லப்படாது. இது பெருமாள் குடியிருக்கற ஊர். ஆத்துல குழந்தேள்ளாம் இருக்கா."

முப்பது வருஷம் புடவை விற்றவரை இதெல்லாம் அசைக்குமா? ஊதாவைக் கேட்டு வந்தவளுக்கு வாடாமல்லியைக் கட்டி அனுப்பியவர் அவர். மைக்கைப் பிடித்ததும், "அடுத்து வருவது போர்ச்சுகல் தேசத்து ஜீவாத்மா ஒண்ணு, பரமாத்மாவைப் பிரிஞ்சு கடற்கரையில நின்னு கதறுறது" என்றார். கூட்டம் பக்தியோடு நிமிர்ந்து உட்கார்ந்தது. அதற்குப் பிறகு பிரேசில் ஜீவாத்மா வந்தது, பல்கேரியா ஜீவாத்மா வந்தது. ஆட்டோ டிரைவர் கைபட்டுப் பிரேசில் ஆட்டத்துச் சம்பா தாளம் ஓட ஆரம்பித்தது. சர்வதேசத்தின் இடுப்பு தானாக அசைந்தது. செயலாளர் மெல்ல மேடைக்கு அருகில் வந்தார்.

"பேஷா இருக்கு. அடியேனுக்கு ஒரே ஒரு சந்தேகம். பரமாத்மாவைத் தேடற ஜீவாத்மா ஏன் இப்படி இடுப்பை ஒடிக்கறது?"

"தேசாசாரம்ங்க சாமி" என்றார் இவர், பாட்டை நிறுத்தாமலே.

அவர் சங்கீதத்தில் எனக்கிருந்த உண்மையான குறை ஒன்றே ஒன்றுதான். ஒரு பாட்டையும் அவர் முடித்ததில்லை. தொழில் அப்படிப் பழக்கிவிட்டது. புடவையை விரிக்கும்போதே கண் வாடிக்கையாளர் முகத்தில் இருக்கும். புருவம் ஒரு இழை சுருங்கினாலும், "வேற காட்டறேங்க" என்று சுருட்டித் தள்ளிவிட்டு அடுத்ததை உதறுவார். பாட்டிலும் அதே கதைதான். பல்லவி பாடும்போது முதல் வரிசையில் எவனாவது கொட்டாவி விட்டால் போதும், துருக்கியைப் பாதியில் மடித்து வைத்துவிட்டு அயர்லாந்தைப் பிரிப்பார். ஒரு மணி நேரத்தில் நாற்பது பாட்டு. ஒன்றுக்கும் முடிவு கிடையாது. கேட்டவர்கள் நாற்பது புடவை பார்த்துவிட்டு வெறுங்கையோடு வெளியே வந்தவர்களைப் போலக் களைத்துப்போய் வீட்டுக்குப் போவார்கள்.

இந்த மனிதருக்கு இவ்வளவு காதல் பாட்டு எதற்கு? கல்யாணமாகாதவர், வயது நாற்பத்தெட்டு, தலைக்கு வாரம் தவறாமல் மை. காரணம் கடையில் எல்லாருக்கும் தெரியும். தரைத்தளத்தில் பில் போடும் இடத்தில் ஒரு மேடம் இருந்தார். லால்குடியிலிருந்து தினமும் ரயிலில் வருவார். கல்யாணமான இரண்டாம் வருஷமே கணவர் காலமாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை. அதிகம் பேசமாட்டார். பேசினால் எதிராளிக்குப் பதில் இருக்காது.

மத்தியானம் சாப்பாட்டு அறையில் அவர் டிபன் பாக்ஸைத் திறப்பார். எதிரே சர்வதேசம் தயிர்சாதத்தை மறந்துவிட்டு ஒரு புதுப் பாட்டை எடுத்துவிடுவார். ஸ்பானிஷ் மொழியில் உருகுவார், அரபியில் ஏங்குவார், பாரசீகத்தில் கிட்டத்தட்டச் செத்தே போவார். பாட்டு முழுவதும் நீளமான நோட்டில் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருப்பார். எந்த நாட்டுக் காதலனும் அவர் வாயில் லால்குடி பக்கத்துக்காரன்போலத்தான் இருப்பான்.

மேடம் நிதானமாகக் கேட்பார். "நல்லாருக்கு சார். என்ன அர்த்தம்?"

அங்கேதான் நம் வீரர் தடாலென்று விழுவார். "இதுங்களா? இது மழையைப் பத்தி." அடுத்த நாள், "இது வெங்காய அறுவடை." அதற்கும் அடுத்த நாள், "இது மீன் பிடிக்கிறவங்க பாடறதுங்க." ஒரு வாரத்தில் மூன்று மீன்பிடிப் பாட்டுகள் வந்துவிட்டன.

மேடம் ரசம் சாதத்தைப் பிசைந்தபடி சொன்னார்: "மீன் பிடிக்கிறதுக்கு இவ்வளவு உருகுறாங்களே, அந்த ஊர்ல மீன் ரொம்பக் கிடைக்காது போலிருக்கு."

நான் சாப்பாட்டு அறையை விட்டு ஓடிப்போய் வேட்டிக் கட்டுகளுக்குப் பின்னால் நின்று சிரித்தேன். சர்வதேசத்தின் முகத்துக்கு நேராகவே ஒரு நாள் கேட்டும் விட்டேன்.

"அண்ணே, உண்மையைச் சொல்லிட வேண்டியதுதானே? எத்தனை நாளைக்கு மீன் பிடிப்பீங்க?"

"சொல்லிடுவேன் தம்பி. ஜார்ஜியாப் பாட்டு ஒண்ணு பழகிக்கிட்டிருக்கேன். அதுல சொல்லிடறேன்."

இப்படியே இரண்டு வருஷம். ஜார்ஜியா வந்தது, போனது. ஆர்மீனியாவும் வந்து போனது. திடீரென்று ஒரு நாள் மேடம் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டார். ஓசூரில் தம்பி வீட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லையாம். சம்பளம் இல்லாத அக்கா ஒருத்தி இருக்கும்போது ஆயா எதற்கு என்று தம்பிக்குப் பாசம் பொங்கிவிட்டது. "போக இஷ்டமா மேடம்?" என்று கேட்டேன். "இஷ்டம் யாரு கேட்டாங்க? இங்க இருக்கச் சொல்லவும் ஆளில்லையே" என்றார்.

இதை அப்படியே சர்வதேசத்திடம் போய்ச் சொன்னேன். கேட்டார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "வழியனுப்பு விழாவுல ஒரு கச்சேரி வெச்சுடலாம்" என்றார். அந்த நிமிஷம் கையில் இருந்த எட்டு முழ வேட்டியால் அவரை அடித்திருப்பேன், வாடிக்கையாளர் இருந்ததால் தப்பினார்.

விழா ஒரு திங்கட்கிழமை காலை, கடை திறப்பதற்கு முன்னால். பட்டு செக்ஷனில் வெள்ளை விரிப்பின் மேல் எல்லாரும் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தோம். முதலாளி சால்வை போட்டார், வெள்ளிக் குத்துவிளக்கு கொடுத்தார். நிர்வாகத்துக்கும் ஊழியர்களுக்கும் இடையே நிலவும் குடும்ப உறவைப் பற்றிப் பதினைந்து நிமிஷம் பேசினார். அந்தக் குடும்பத்தில் ஒருவரும் கண் கலங்கவில்லை. பிறகு ஐங்கண்டக் காதல் இசைக்குழு.

சர்வதேசம் போர்ச்சுகலில் ஆரம்பித்தார். கண் மேடத்தின் முகத்தில். முகத்தில் அசைவே இல்லை. மடித்தார். அயர்லாந்தைப் பிரித்தார், அதையும் மடித்தார். மாலி, பிரேசில், பாரசீகம் என்று பத்து நிமிஷத்தில் ஏழு பாட்டை உதறிப் போட்டுவிட்டார். வியர்வையில் தலை மை இறங்கிக் காதோரம் ஓடிக்கொண்டிருந்தது. எட்டாவதாகத் துருக்கியை எடுத்தபோது மேடம் கையை உயர்த்தினார்.

"சார், கொஞ்சம் நிறுத்துங்க."

"பிடிக்கலீங்களா மேடம்? கியூபா ஒண்ணு இருக்குங்க, புது வரவு..."

"கியூபா வேண்டாம். இப்பப் பாடினீங்களே, இது எதைப் பத்தி?"

"இதுங்களா? மீன்..."

"மீனும் இல்ல, வலையும் இல்ல சார்." மேடம் கைப்பையிலிருந்து செல்போனை எடுத்தார். "நீங்க பாடறதைப் பதிவு பண்ணி இதுல போட்டா எல்லாத்துக்கும் தமிழ்ல அர்த்தம் வருது. 'நீ நடக்காத தெருவுக்கு விளக்கு எதுக்கு'ன்னு வருது. வெங்காய அறுவடைன்னீங்களே, அதுல வெங்காயமே இல்ல. பதினேழையும் பார்த்துட்டேன்."

முதலாளி திறந்த வாயை மூட மறந்தார். நான் முட்டையைக் கீழே வைத்தேன்.

"பதினேழு பாஷையில பாடறீங்க. தமிழ்ல ஏன் சார் ஒண்ணுகூடப் பாடலை?"

முப்பது வருஷமாகப் பேசியே பிழைத்தவர், பக்கத்தில் கிடந்த ஒரு புடவையை எடுத்து மடிக்க ஆரம்பித்தார். மடிப்பு கோணலாக விழுந்தது. அவர் கோணலாக மடித்து நான் பார்த்தது அன்று ஒருமுறைதான்.

"தமிழ்ல பாடினா உங்களுக்குப் புரிஞ்சிடுமேங்க."

"எனக்குப் புரிஞ்சு ரெண்டு வருஷம் ஆச்சு சார்."

சர்வதேசம் எழுந்து நின்றார். நோட்டு இல்லை, மைக் இல்லை, மத்தளம் இல்லை. "ஓசூர் போகாதீங்க மேடம்" என்றார். குரல் உடைந்துவிட்டது. அவ்வளவுதான், மூன்றே வார்த்தை. அதில் ராகமும் கிடையாது, தாளமும் கிடையாது.

மேடம் முதலாளி பக்கம் திரும்பினார். "முதலாளி, நான் குடுத்த லெட்டரைத் திருப்பித் தர முடியுங்களா?"

"அதுக்கென்னம்மா, தந்துடலாம்." முதலாளி கொஞ்சம் தயங்கினார். "இந்த விளக்கு..."

"விளக்கு எங்கிட்டயே இருக்கட்டுங்க. வேண்டியிருக்கும்."

கைத்தட்டலில் ஆட்டோ டிரைவரின் கை எதன் மேலோ பட்டு மறுபடியும் சம்பா ஓடியது. அதை நிறுத்தக் கடைசியில் பிளக்கைப் பிடுங்க வேண்டியிருந்தது.

அவர்கள் இப்போது கல்யாணம் செய்துகொண்டு லால்குடியில் இருக்கிறார்கள். சர்வதேசம் இன்னும் பாடுகிறார், இன்னும் சகிக்கவில்லை. மேடம் முதல் வரிசையில் உட்கார்ந்து, ஒவ்வொரு பாட்டையும் முடித்த பிறகுதான் அடுத்ததை எடுக்க விடுகிறார். அதனால் கச்சேரி முன்னைவிடக் கொடுமையாக இருக்கிறது என்று கேள்வி. தம்பி குடும்பம் ஓசூரில் ஆயா வைத்துக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறது.

இதைப் படித்தால் அவர் என்மேல் கோபித்துக்கொள்வார். கோபிக்கட்டும். எத்தனையோ பெரிய வித்வான்களைக் கேட்டிருக்கிறேன், அழகாக இருந்தது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கிறேன். அந்தத் திங்கட்கிழமை காலை அவர் குரல் உடைந்தபோதுதான் எனக்குக் கண்ணில் நீர் வந்து நின்றது. அந்த மனுஷன் ரொம்ப நாள் நன்றாக இருக்க வேண்டும்.