ஒற்றை இணைப்பும் ஓயாத சோதனையும்

வீடு கட்டிக் குடியேறுகிறவர்கள் ஒரு ரகம். கட்டிய வீட்டின் அழைப்பு மணியை அழுத்தி அழுத்திப் பார்த்தே ஆயுளைக் கழிக்கிறவர்கள் இன்னொரு ரகம். இந்த இரண்டாம் இனத்துக்குச் சோதனைத் திலகம் என்று பட்டம் கொடுத்துவிடுவோம். ஆளைத் தேடி அலைய வேண்டாம். சாப்பாட்டு மேஜையில் பாதியைக் கம்ப்யூட்டருக்குப் பறிகொடுத்த ஒரு வீட்டில், ஞாயிறு காலை ஒன்பதே முக்காலுக்கு உட்கார்ந்திருக்கிறார் பாருங்கள்.

அவர் நடத்துவது ஒரு தகவல் பலகை. அந்தக் காலத்தில் ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றைப் போனில் கூப்பிட்டு, அங்கே கிடக்கும் கடிதங்களைப் படித்துவிட்டு, தன் பங்குக்கு நாலு வரி எழுதிவிட்டு வருமே, அதேதான். இப்போது போன் கம்பியும் இல்லை, அதில் கம்ப்யூட்டரைப் பேசவைத்த மோடம் பெட்டியும் இல்லை. அதனால் என்ன? இன்டர்நெட்டில் வரும் அழைப்பை எடுத்து மோடம் மாதிரி நடிக்க ஒரு புரோகிராம், அதைச் செருகக் கம்ப்யூட்டருக்குள் கற்பனையாக ஒரு வாசல், அதாவது இல்லாத சீரியல் போர்ட் ஒன்று, இரண்டும் ஒரே வேகத்தில் பேசிக்கொள்கின்றனவா என்று கவலைப்பட நிஜ மனிதர் ஒருவர். மூன்று மாதமாக இதே குடித்தனம். வேகத்தைக் கூட்டுவார், குறைப்பார், இரண்டாவது மணியில் எடுக்கச் சொல்லுவார், மனசு கேட்காமல் முதல் மணிக்கே மாற்றுவார். பலகைக்கு இதுவரை நானூற்றுப் பன்னிரண்டு வருகைகள். அத்தனையும் அவரே. "வணக்கம், சோதனை" என்று எழுதிவிட்டுப் போவார். பிறகு நிர்வாகி என்ற முறையில் அதற்கு மரியாதையாகப் பதிலும் போடுவார்.

இன்று அப்படியல்ல. வெளியூரில் இருக்கும் மனைவியின் அண்ணன் பத்து மணிக்குப் பலகைக்கு வருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். மனைவியோ காலையிலேயே தீர்ப்பு எழுதிவிட்டாள்: "ஒரு ஆளாவது வந்தா மேஜை உங்களுக்கு. இல்லேன்னா சாப்பாட்டுக்கு முன்னாடி காலி பண்ணிடணும்."

பத்தாக ஐந்து நிமிடம். எல்லாம் சரியாக இருந்தது. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. விருந்தாளி வருகிற நேரத்தில் மோடம் மக்கர் பண்ணினால்? பக்கத்து லேப்டாப்பிலிருந்து ஒரே ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்தார். எடுத்தது. இவ்வளவு சுலபமாகவா எடுக்கும்? சந்தேகம் வந்து மறுபடி கூப்பிட்டார். பத்தேகால் ஆயிற்று, பத்தரை ஆயிற்று, மச்சினரைக் காணோம். காணாததால் இன்னும் மும்முரமாகச் சோதித்தார்.

மனைவியின் கைபேசி அடித்தது. பேசிவிட்டு வந்தாள்.

"அண்ணன் அரை மணி நேரமா முயற்சி பண்றாராம். எப்பக் கூப்பிட்டாலும் பிஸின்னே வருதாம். அவ்வளவு கூட்டமாங்க உங்க பலகையில?"

இருப்பது ஒரு போர்ட். ஒரு நேரத்தில் ஒருவர்தான் உள்ளே இருக்கலாம். லேப்டாப் திரை, "வருக, நிர்வாகி அவர்களே" என்று கைகூப்பிக்கொண்டிருந்தது. திலகம் அசரவில்லை.

"ஆமா, ஒரே கூட்டம்" என்றார் கம்பீரமாக. "இன்னொரு போர்ட் சேர்க்கணும்."

"சேர்க்கலாம். முதல்ல இதைச் சேர்த்துக்குங்க" என்று நாலு தட்டுகளைக் கீபோர்டின் மேல் வைத்துவிட்டுப் போனாள்.

நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள்? வரவேண்டிய அழைப்பு வரவில்லையே, போன் ரிப்பேரோ என்று, போன வாரம் வீட்டிலிருந்த இன்னொரு போனை எடுத்து உங்களை நீங்களே கூப்பிட்டுப் பார்த்தீர்களே. அந்த நிமிடத்தில் உங்களைக் கூப்பிட்டு, பிஸி என்று கேட்டுத் திரும்பிப் போனது யாரோ?