அம்மாவின் விடுப்பு பரிசீலனையில் உள்ளது

உழைப்பாளர் போராட்டங்களின் வரலாற்றை எழுதப்போகிறவர் யாராக இருந்தாலும், எங்கள் கம்பெனியின் மூன்றாவது மாடி கேன்டீனுக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்காமல் தப்பிக்க முடியாது. அந்த அத்தியாயத்தில் என் புகைப்படம் வரும். தொலைதூரத்தைப் பார்த்தபடி நிற்கும் படம் ஒன்றை இப்போதே எடுத்து வைத்துவிட்டேன்.

நான் மென்பொருள் எழுதுகிறவன். அது வயிற்றுப்பாட்டுக்கு. என் உண்மையான வேலை நாட்டைப் பற்றிக் கவலைப்படுவது. பல் தேய்க்கும்போதே ஆரம்பித்துவிடுவேன். பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி ஆளும் கட்சியைக் கண்டித்து எழுதுவேன். உட்கார இடம் கிடைத்தால் எதிர்க்கட்சியையும் கண்டிப்பேன். போன தேர்தலில் ஓட்டுப் போட முடியவில்லை. அன்று ஜனநாயகத்தின் வீழ்ச்சியைப் பற்றி நீளமாக எழுத வேண்டியிருந்தது, வரிசையும் நீளமாக இருந்தது. மதியம் கேன்டீனில் சுரண்டல் குறித்து உரையாற்றுவேன். அம்மா கட்டித் தந்த டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு பேசினால் எனக்குக் குரல் நன்றாக எழும்பும். அலுவலகத்தில் என்னைத் ‘தோழர்’ என்று கூப்பிடுகிறார்கள். கூப்பிட்டுவிட்டு ஏன் சிரிக்கிறார்கள் என்பதுதான் புரிவதில்லை.

போராட்டம் ஒரு திங்கட்கிழமை வெடித்தது. நண்பர்களோடு மலையேறப் போக ஐந்து நாள் லீவு கேட்டு மேனேஜர் முன்னால் நின்றேன். மேனேஜர் பார்ப்பதற்கு நல்ல மனிதர். சுரண்டுகிறவர்கள் பார்ப்பதற்கு அப்படித்தான் இருப்பார்கள் என்று நான் பலமுறை எழுதியிருக்கிறேன்.

“தாராளமா போப்பா. லீவு உன் உரிமை. ஆனா ஒரு முறைன்னு இருக்குல்ல?”

“என்ன முறை சார்?”

“நீ பாக்குற வேலை உனக்கு மட்டும்தான் தெரியும். வேற ஒருத்தருக்குச் சொல்லிக்குடுத்துட்டுப் போ. கே.டி. முடிச்சேன்னா நானே வந்து பஸ் ஏத்தி விடுறேன்.”

கே.டி. என்பது எங்கள் தொழிலின் புனிதச் சடங்கு. லீவில் போகிறவர் தன் மூளையில் இருப்பதையெல்லாம் இருக்கிறவர் மூளையில் ஊற்றிவிட்டுத்தான் நகர வேண்டும்.

“யாருக்குச் சொல்லிக்குடுக்கணும் சார்?”

“அதான் யாரும் ஃப்ரீயா இல்லையே. ஃப்ரீ ஆனதும் சொல்றேன்.”

எனக்கு ரத்தம் கொதித்தது. ஒரு மனிதன் இல்லாவிட்டால் வேலை நடக்காது என்றால், அந்த ஒரே காரணத்துக்காக அவனைக் கட்டிப்போடுவதா? இந்த வாசகம் எனக்கே மிகவும் பிடித்துப்போனது. உடனே போனில் எழுதிப் போட்டேன். வீடு போய்ச் சேருவதற்குள் நூறு பேர் அதை விரும்பியிருந்தார்கள்.

வீட்டையும் நான் சும்மா விட்டுவைத்தவன் இல்லை. நிர்வாகத்தை ஏற்கனவே நவீனப்படுத்தியிருந்தேன். ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு வேலைப் பலகை. ‘செய்ய வேண்டியவை’, ‘நடப்பவை’, ‘முடிந்தவை’ என்று கட்டங்கள். அம்மாவின் வேலைகளுக்கு மஞ்சள் ஒட்டுச்சீட்டு, அப்பாவுக்கு நீலம், எனக்குப் பச்சை. மறுநாளே ஃப்ரிட்ஜ் மஞ்சளாகிவிட்டது. நீலத்தில் ஒன்றே ஒன்று, ‘டிவியில் செய்தி பார்த்தல்’. அது நிரந்தரமாக ‘நடப்பவை’யில் இருந்தது. பச்சையிலும் ஒன்று, ‘பலகையைப் பராமரித்தல்’. இந்த நிலவரத்தை ஆழ்ந்து ஆராய்ந்தேன். மஞ்சள் சீட்டு சீக்கிரம் தீர்ந்துபோகிறது, இனி மொத்தமாக வாங்கிவிட வேண்டும் என்ற முடிவுக்கு வந்தேன்.

அம்மாவின் உழைப்பை நாங்கள் கண்டுகொள்ளவில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. ‘மாதத்தின் சிறந்த ஊழியர்’ என்று அவள் படத்தைப் பலகைக்கு மேலே ஒட்டினேன். மாதாமாதம் அவளேதான் ஜெயித்தாள்.

“இந்தப் போட்டோவைக் கழட்டுடா,” என்றாள் அம்மா. “காலையில பால் எடுக்க வந்தா என் மூஞ்சியிலயே நான் முழிக்க வேண்டியிருக்கு.”

அந்தத் திங்கட்கிழமை நான் ரத்தம் கொதித்து வீட்டுக்குள் நுழைந்தபோது, அம்மா கூடத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

“பெரியம்மா குளியலறையில வழுக்கி விழுந்துட்டாடா. இடுப்பெலும்பு உடைஞ்சிருச்சாம். வியாழக்கிழமை காலையில ஆபரேஷன். அவளுக்குன்னு யாரு இருக்கா? உள்ள கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி நான் பக்கத்துல இருக்கணும். ஒரு அஞ்சு நாள் போயிட்டு வந்துடுறேன்.”

பெரியம்மா அம்மாவின் ஒரே அக்கா. தனியாக இருப்பவள். எனக்கு மனது நெகிழ்ந்தது.

“தாராளமா போயிட்டு வாம்மா,” என்றேன். “ஆனா ஒரு முறைன்னு இருக்குல்ல?”

அப்பா தலையசைத்தார். அவர் ஓய்வுபெற்ற தணிக்கை அதிகாரி. முறை என்ற சொல் காதில் விழுந்தால் டிவி சத்தத்தைக்கூடக் குறைத்துவிடுவார்.

அன்றே சமையலறையில் கே.டி. தொடங்கியது. நான் போனில் பதிவு செய்தேன். அப்பா வாசலில் நாற்காலி போட்டு மேற்பார்வையிட்டார்.

“முதல்ல அரிசி. தண்ணி எவ்வளவு வைக்கணும்?”

“அரிசியைப் பொறுத்து.”

“உப்பு?”

“கையில எடுத்தா தெரியும்டா.”

“யாரு கையில?” என்றார் அப்பா. முப்பது வருடம் தணிக்கை செய்தவர் சும்மா விடுவாரா?

“வாஷிங் மிஷின் எப்பெப்ப போடணும்?” என்றேன்.

“துணி சேர்ந்ததும்.”

“எப்ப சேரும்?”

“நீங்க ரெண்டு பேரும் கழட்டிக் கழட்டி வீசுனா சேரும். அப்புறம் அப்பாவுக்குப் பிரஷர் மாத்திரை, டீக்கு முன்னாடி குடுக்கணும். கேட்டா போட்டுட்டேம்பாரு, நம்பாத.”

இந்தப் பகுதியைப் பதிவிலிருந்து நீக்குமாறு அப்பா கேட்டுக்கொண்டார்.

நானும் அப்பாவும் கூடத்துக்குப் போய்த் தனியாக ஆலோசித்தோம். விவரங்கள் திருப்திகரமாக இல்லை என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடே எழவில்லை. கே.டி.யைச் செவ்வாயும் தொடர்ந்தோம். அம்மா ‘அக்காவிடம் போதல்’ என்று மஞ்சள் சீட்டில் தானே எழுதி ஒட்டியிருந்தாள். நான் ‘பரிசீலனையில் உள்ளவை’ என்று புதிதாக ஒரு கட்டம் வரைந்து, அதை மரியாதையாக அங்கே நகர்த்தி வைத்தேன். மறுக்கவில்லை. மறுப்பது மேனேஜர்களின் குணம்.

இதற்கிடையே கேன்டீனில் போராட்டம் தீவிரமடைந்தது. எங்கள் வேலையில் குறை கண்டுபிடிப்பதற்கென்றே கம்பெனி சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் பெண் ஒருத்தி உண்டு. அவளுக்குப் ‘பூதக்கண்ணாடி’ என்று பெயர். என் கோரிக்கையைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

“மலையேறப் போறேன்னா எவன் தோழர் அழுவான்? குடும்பம்னு போடுங்க. ஆஸ்பத்திரி, ஆபரேஷன்னு ஏதாவது இருக்கா வீட்ல?”

“பெரியம்மாவுக்கு இடுப்பெலும்பு உடைஞ்சிருக்கு.”

“அடடா, கையில வெண்ணெயை வச்சுக்கிட்டு அலையுறீங்களே!”

செவ்வாய்க்கிழமை மதியம் நாற்காலி மேல் ஏறி நின்று பேசினேன். “தோழர்களே! வயதான ஒரு பெண் இடுப்பு உடைந்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறாள். வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். ரத்த பந்தம் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொள்ளத் துடிக்கிறது. அதை எது தடுக்கிறது? கே.டி. தடுக்கிறது! இப்படித் தடுக்கிறவன் மனுஷனா?”

“இல்லை!” என்றது கேன்டீன். மனிதவளத் துறை அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பின்வரிசையில் நின்ற மேனேஜர் தலையைக் குனிந்துகொண்டார். பெரியம்மா இதைக் கேட்டிருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பாள்!

புதன்கிழமை நிர்வாகம் பணிந்தது. ‘குடும்ப அவசர விடுப்பு’ என்று புதிய விதியே வந்தது. காரணம் கேட்கக் கூடாது, கே.டி. கேட்கக் கூடாது. முதல் விண்ணப்பம் என்னுடையது. மேனேஜர் தானே எழுந்துவந்து கைகொடுத்தார். “பெரியம்மாவை நல்லா பாத்துக்கப்பா” என்றார். ஆகட்டும் என்றேன். என்னைத் தோளில் தூக்க முயன்றார்கள். அம்மாவின் சாப்பாட்டால் என் கனம் கொஞ்சம் கூடியிருந்ததால், மேஜை மேல் ஏற்றி நிறுத்திக் கைதட்டினார்கள்.

வழக்கத்தைவிடச் சீக்கிரம் வீட்டுக்கு ஓடினேன். வாசலிலேயே கத்தினேன்.

“அம்மா! லீவு கிடைச்சிருச்சு!”

சமையலறையிலிருந்து அம்மா ஈரக் கையோடு ஓடிவந்தாள். அவள் ஓடி நான் பார்த்ததே இல்லை. முகம் மலர்ந்திருந்தது.

“நிஜமாவா? ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டீங்களா? சாயங்கால பஸ்ஸைப் பிடிச்சா விடியறதுக்குள்ள போயிடலாம்டா. அவளை உள்ள கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி...”

“ஐயோ, உனக்கில்லம்மா. எனக்கு.”

அம்மா அப்படியே நின்றாள். எனக்குச் சங்கடமாகிவிட்டது. பேச்சை மகிழ்ச்சியான திசைக்குத் திருப்பினேன்.

“குடும்ப அவசர விடுப்பும்மா. அஞ்சு நாள். ஒரு கேள்வி கேக்க முடியாது. நாற்காலி மேல ஏறி நின்னு பெரியம்மா இடுப்பைப் பத்திப் பேசினேன், லீவைத் தடுக்கிற மேனேஜரெல்லாம் மனுஷனான்னு கேட்டேன், கேன்டீனே அழுதிருச்சு.”

“அவ இடுப்பைச் சொல்லி லீவு வாங்கினியா?”

“ஆமாம்மா.”

“வாங்கிட்டு எங்க போற?”

“மலைக்கு.”

அம்மா கையைத் துண்டில் துடைத்தாள். ஒவ்வொரு விரலாக, நிதானமாகத் துடைத்தாள். உள்ளே போய் அடுப்பை அணைத்தாள். கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு பையை எடுத்தாள். அது திங்கட்கிழமையிலிருந்தே அங்கே தயாராக இருந்திருக்கிறது.

“எங்கம்மா கிளம்புற? கே.டி. இன்னும் முடியலையே!”

“நீதான் அஞ்சு நாள் வீட்ல இருக்கப்போறியே. செஞ்சு பாத்துக் கத்துக்க.”

“நான் மலைக்கு...”

“குடும்ப அவசரத்துக்குன்னுதானே குடுத்தாங்க? இதான் குடும்பம். இதான் அவசரம்.” பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

அப்பா டிவியை அணைத்தார். நிலைமையின் தீவிரம் எனக்கு அப்போதுதான் உறைத்தது. “என்ன இது, ஒப்புதல் இல்லாம திடுதிப்புனு கிளம்பினா எப்படி?” என்றார். “டீ யாரு போடுறது?”

அம்மா செருப்பை மாட்டினாள். நான் வழியை மறிக்கவில்லை. அடக்குமுறையில் எனக்கு நம்பிக்கை கிடையாது. எவ்வளவு கனிவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு கனிவாகச் சொன்னேன்.

“நாங்க உன்னைப் போகாதன்னு சொல்லலையேம்மா. ஒரு முறைன்னு இருக்குல்ல?”

அம்மா படியில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

“உங்க மேனேஜர் மனுஷனே இல்லன்னு நாற்காலி போட்டு ஏறிப் பேசினியே. அவரு மாசம் பொறந்தா சம்பளமாவது குடுக்குறாருடா.”