சிம்மக்காவும் தீப்பிடித்த வாணலியும்

காரைக்காலில் கத்திரி வெயிலைவிடச் சூடான ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நாங்கள் தங்கியிருந்த பெண்கள் விடுதியின் சமையல்காரர். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. அடுப்புப் பக்கம் யார் போனாலும் “சிம்ல வை!” என்று கத்துவார். அதனால் சிம்மக்கா. கர்ஜனையும் பொருத்தமாகவே இருந்தது.

“கொதிச்ச தண்ணி கொதிச்சதுதான். இன்னும் தீயை ஏத்துனா ஆவிதான் போவும், சூடு ஏறாது. என்னாத்துக்கு கேஸை எரிக்கிறீங்க?”

ஒருநாள், அறை குளிரட்டும் என்று ஃபேனை ஓடவிட்டுவிட்டு ஆபீசுக்குப் போனேன். மாலையில் வந்து பார்த்தால் ஃபேனில் இறக்கையே இல்லை! மூன்றும் அரிசி டிரம்முக்குள் கிடந்தன.

“ஆளில்லாத ரூமு காத்தாடியால எப்புடிம்மா குளுரும்? வேர்வை காஞ்சாத்தானே குளுரு? சுவருக்கு வேர்க்குதா?”

எனக்கு உச்சந்தலை கொதித்தது. இந்த அம்மாவை வேலையை விட்டே அனுப்புங்கள் என்று வார்டனுக்கு இரண்டு பக்கத்தில் புகார் எழுதிக் கொடுத்தேன்.

அடுத்த ஞாயிறு, சிம்மக்கா கொல்லையில் துணி துவைக்கும்போது, அப்பளம் பொரிக்க எண்ணெயைக் காயவைத்தேன். காய்வதற்குள் ஒரு ரீல் பார்க்கலாம் என்று போனை எடுத்தேன். ஒன்று ஒன்பதாயிற்று. நிமிர்ந்தால் வாணலியில் ஓர் ஆள் உயரத்துக்குத் தீ! அலறிக்கொண்டு சொம்புத் தண்ணீரைத் தூக்கினேன்.

புறங்கையில் ஓர் அறை விழுந்தது. சொம்பு பறந்தது. சிம்மக்கா கேஸை அணைத்து, இட்லிப் பானை மூடியை வாணலியின்மேல் கவிழ்த்தார். தீ அடங்கியது. அவர் முன்கை வெந்திருந்தது.

“எண்ணெயவிடத் தண்ணி கனம்டி! அடியில போயி, சூட்டுல ஒரே நொடியில ஆவியாயி, எரியிற எண்ணெயை மூஞ்சில தூக்கி அடிக்கும். படிச்சவதானே நீ?”

சத்தம் கேட்டு வந்த வார்டன் சிம்மக்காவைத்தான் பிடித்துக்கொண்டார்.

“அடுப்பை விட்டுட்டு எங்க போன? ஏற்கெனவே உன் மேல கம்ப்ளைன்ட் இருக்கு. இன்னியோட நின்னுக்க.”

என் கோபத்தில் பாதி வார்டன்மேல், பாதி என்மேல். “அடுப்பைப் பத்த வெச்சது நான் மேடம். கம்ப்ளைன்ட் எழுதுனதும் நான்தான். அதைக் கிழிச்சிப் போடுங்க. அனுப்புறதுன்னா என்னை அனுப்புங்க!” என்று நானும் கத்தினேன். வார்டன் முணுமுணுத்துக்கொண்டே மாடியேறிவிட்டார். சிம்மக்காவின் வேலை தப்பியது.

புண்ணில் தடவப் பற்பசையோடு ஓடினேன். அதற்கும் திட்டு.

“பேஸ்ட்டைப் பூசுனா சூடு உள்ளேயே நிக்கும். ஓடுற தண்ணிதான் சூட்டை எடுத்துட்டுப் போவும். குழாயைத் தொறடி!”

இருபது நிமிடம் அந்தக் கையைக் குழாயடியில் பிடித்துக்கொண்டு நின்றேன். என்னை, என் போனை, வார்டன் மேசையில் எப்போதோ படித்துவைத்திருந்த என் புகாரின் எழுத்துப் பிழைகளை என்று ஒன்றுவிடாமல் திட்டினார். போதும் என்று அவர் கையை இழுத்தபோது, இன்னும் கொஞ்ச நேரம் திட்டியிருக்கலாமே என்றிருந்தது எனக்கு.